லண்டனிலிருந்து நாலு தந்தி

1966-ஆம் ஆண்டு ஒரு ஞாயிறு மாலை, சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கமிருந்த நடனக் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் தரையை விட்டு ஒரு முழம் உயர்ந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஒரு பெண்ணின் செருப்பு மட்டும் கழன்று விழுந்தது; அவளால் குனிய முடிந்தது, எட்டத்தான் முடியவில்லை. கூடத்தின் முதலாளி மறுநாளே கூரை விசிறிகளைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நிற்கும் விசிறிகளை வாங்கி வைத்தார். காரணம் தனசேகரனின் பேஸ் கித்தார்தான் என்பதில் தேக்கா வட்டாரத்தில் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு அந்த நாதம் எதனால் வந்தது என்பதில்தான் சண்டை.

தனசேகரன் செம்பவாங் கப்பல் பட்டறையில் மின்சார வேலை பார்த்தவன். ஜமால் முகம்மதுவின் வாத்தியக் குழுவில் சேருவதற்காகக் கித்தாரைத் தன் கையாலேயே செய்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒத்திகை முடிந்ததும் ஜமால் அவனைத் தனியாக அழைத்தான்.

"தனா, நீ வாசிக்கிறியா, மெத்தை தட்டுறியா?"

"வாசிக்கிறேன் லா."

"அப்ப எனக்கு ஏன் பஞ்சு பறக்கிற மாதிரி இருக்கு? வர்ற ஞாயித்துக்கிழமையும் இதே சத்தம்னா, மேடையில உன் இடத்துல என் மச்சான் நிப்பான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா சட்டை நல்லா இருக்கும்."

அந்த வாரம் தனசேகரன் சோறு தண்ணி பார்க்கவில்லை. மரம்தான் காரணம் என்றார் பக்கத்துத் தெருத் தச்சர். தேக்கில் புதிய உடல் செய்து பார்த்தான். நாதம் கனத்துப் போனது. கனத்த நாதம் மெல்லத்தான் நடக்கும் என்பதால், மதியம் வாசித்தது மாலை காப்பி வேளைக்குத்தான் கேட்டது. உள்ளே சுரண்டி எடையைக் குறைத்ததும் நாதம் நேரத்துக்கு வந்தது, ஆனால் மெத்தை மெத்தையாகவே இருந்தது. காந்தத்தைப் பார் என்றார்கள் பட்டறையில். கம்பியின் அதிர்வை வாங்கும் அந்தக் காந்தத்தைக் கம்பி கட்டும் முனைக்கு அருகே நகர்த்தினான்; கித்தார் மூக்கால் பேசியது, கேட்டவர்களுக்கெல்லாம் ஜலதோஷம் பிடித்தது. கழுத்துப் பக்கம் நகர்த்தினான்; குரல் பாயசமாகக் கெட்டிப்பட்டு ஒலிபெருக்கியின் வாயிலிருந்து வழிந்தது, அவன் அம்மா ரத்தினம்மா விளக்குமாற்றால் தள்ளிவிட்டாள். காந்தத்தை நடுவில் வைத்து, நகத்தை விட்டுவிட்டு விரல் சதையால் மீட்டினான். தெருப் பூனைகள் தூங்கிப் போயின. இனி மாற்ற மிச்சமிருந்தது கம்பி மட்டும்தான்.

கம்பி என்ற சொல்லை ஜமால் குழுவில் தடை செய்திருந்தான். ஜெயில் ஞாபகம் வருகிறதாம். தந்தி என்றுதான் சொல்ல வேண்டும். கப்பலில் வேலை பார்த்த நண்பன் அப்துல் காதரிடம் லண்டனிலிருந்து நல்ல தந்தி வாங்கிவரும்படி தனசேகரன் முன்பே சொல்லி வைத்திருந்தான். கப்பல் சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தது. மாடிப்படி ஏறச் சோம்பல்பட்ட அப்துல் காதர், கீழே கடை முகப்பின் ஐந்தடி நடைபாதையில் பொட்டலத்தோடு நின்றபடியே கத்தினான்.

"தனசேகரா! லண்டன்லேர்ந்து தந்தி வந்திருக்கு! நாலு தந்தி!"

தனசேகரன் குளித்துக்கொண்டிருந்தான். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ரத்தினம்மாவின் காதில்தான் அது விழுந்தது. ஒரு தந்தி என்றால் ஒரு சாவு, நாலு தந்தி? லண்டனில் அவர்களுக்கு உறவென்று ஒருவரும் இல்லை. ஆனால் தந்தி என்ற சொல் காதில் விழுந்த பிறகு ஊர்ப் பெயரை யார் கவனிப்பார்கள்? எண்ணெய்க் கையோடு ஓடிப்போய்ப் பொட்டலத்தைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்து கதறினாள். தெருவே திரண்டது.

"யாரு போயிட்டாங்கக்கா?" என்றாள் பக்கத்து வீட்டு மங்களம்.

"தெரியலடி! நாலு பேரு!"

"நாலு பேரா! ஐயையோ!"

பெயர் தெரியாமல் ஒப்பாரி வைக்க முடியாது. எனவே அவரவர் தங்களுக்குத் தெரிந்த பெயரை வைத்துப் பாடினார்கள். மங்களம் தன் புருஷனை வைத்துப் பாடினாள். அவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு அருகிலேயே நின்றிருந்தார்.

"நான் இருக்கேன்டி."

"சும்மா இருங்க, ராகம் போயிடும்."

பொட்டலம் கிழிந்தது. நாலு தந்திகளும் கண்ணீரிலும் தேங்காய் எண்ணெயிலும் ஊறின. துண்டோடு ஓடிவந்த தனசேகரன் இது கித்தார்த் தந்தி என்று விளக்கினான். மாடிப்படியில் சிரிப்பு கிளம்பியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் கண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அந்தக் கண்ணீரும் தந்தியில்தான் விழுந்தது. துடைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே மாட்டினான்.

புதுத் தந்தி பாத்திரம் உருளுவதுபோல் கணகணக்கும். இது கணகணக்கவில்லை. தந்தியைச் சுற்றிய முறுக்கின் இடுக்குகளில் எண்ணெய் இறங்கிக் கூச்சலை அடக்கியிருந்தது. அடியில் ஒப்பாரியின் ஆழம், அதன்மேல் சிரிப்பின் குலுக்கல். ஞாயிற்றுக்கிழமை மேடையோரம் இஸ்திரி போட்ட சட்டையோடு மச்சான் காத்திருக்க, தனசேகரன் ஆகத் தடித்த தந்தியை மீட்டினான். ஆடியவர்களுக்கு முதலில் கண் கலங்கியது, அப்புறம் சிரிப்பில் வயிறு குலுங்கியது, அதற்குள் கால்கள் தரையில் இல்லை. ஜமாலும் கித்தாரோடு மிதந்தான்.

"தனா! நிறுத்திடாத லா! நிறுத்தினா விழுந்துடுவோம்!"

மச்சான் அன்று முதல் கஞ்சிரா தட்டினான், சட்டை வீணாகக் கூடாதென்று.

அதன்பின் காரியங்கள் ஒழுங்குக்கு வந்தன. நடனத்துக்கு வருகிறவர்கள் செருப்பை விட்டுவிட்டு வார் கட்டிய காலணி அணிந்தார்கள். தந்தி பழசாகி, ஆட்டக்காரர்கள் ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியதும் அப்துல் காதருக்குச் சொல்லி அனுப்புவார்கள். அவன் வந்து கீழே நின்று கத்துவான். பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து அழுவார்கள், சிரிப்பார்கள், வடை தின்பார்கள். மற்றக் குழுக்களின் மலாய்க்காரர்களும் சீனர்களும் தங்கள் தந்திகளோடு மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். தச்சர் மட்டும் சாகும்வரை தேக்குதான் காரணம் என்றார்.

1969-இல் ஒரு காலை, தபால் இலாகாக்காரர் கதவைத் தட்டி, "அம்மா, தந்தி!" என்றார். ஈப்போவில் ரத்தினம்மாவின் தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. எண்ணெய்க் கையோடு கதவைத் திறந்த ரத்தினம்மா அந்த மெல்லிய உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுதானா? மத்த மூணு எங்கே?"