பாக்கெட்டில் முளைத்த பல்

பெல்ட்டில் வரும் பெட்டியின் மடிப்புகளை மூடி, டேப்பை ஒரே இழுப்பாக இழுத்து ஒட்டி, ஒரு தட்டுத் தட்டித் தள்ளிவிட வேண்டும். ஐந்து வினாடி வேலை. பதினொரு வருஷமாக இதையே செய்துவந்ததில் அவனுக்கு டேப்பு என்ற பேரே நிலைத்துவிட்டது. அப்பா அம்மா வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதையும் கணக்குப் பிரிவில் தப்பாகத்தான் அடித்திருந்தார்கள். பெட்டிக்குள் போவது இனிப்பு வளையம். மாவும் சர்க்கரையும் வாயில் நுழையாத பேர்கொண்ட இருபது சாமான்களும் ஒரு முனையில் கூழாகப் போய், மறுமுனையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பொரிந்து விழும். பாலில் போட்டால் காலைச் சாப்பாடு. பால் இல்லாவிட்டால் வெறும் சாப்பாடு.

உடைந்த வளையங்களைத் தொழிலாளர்களுக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார்கள். அதற்கு உடைசல் என்று பேர். டேப்பு வீட்டில் மற்ற டப்பாக்கள் காலியாகக் கிடந்தாலும் உடைசல் டின் மட்டும் நிறைந்தே இருக்கும். அவன் விடியும்போதே ஷிப்டுக்குப் போய்விடுவான். சலவைக் கூடத்தில் இஸ்திரி போடும் அவன் மனைவி அதற்கும் முன்னாலேயே கிளம்பிவிடுவாள். ஒன்பது வயசு மகள் தானே எழுந்து, தானே தலைவாரி, தானே டின்னைத் திறந்து சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் அம்மா வரும்வரைக்கும் டின்தான் துணை.

மகளின் முன்பல் பாதி கறுத்ததும் பல் டாக்டரிடம் போனார்கள்.

"காலைல என்ன சாப்பிடுவா?" என்று கேட்டார் டாக்டர்.

"வளையம் சார்," என்றான் டேப்பு.

"பள்ளிக்கூடத்துல?"

"அதையேதான் டப்பால போட்டுக் கொண்டுபோவா."

"சாயங்காலம்?"

டேப்பு மனைவியைப் பார்த்தான். "நடுநடுவுல தண்ணியும் குடிப்பா சார்," என்றாள் அவள், மகளை விட்டுக்கொடுக்காமல்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அது பால்பல் இல்லை, போனால் திரும்ப முளைக்காது. வேரைச் சுத்தம் செய்து உறை மாட்டினால் காப்பாற்றலாம். அதற்கு அவர் சொன்ன தொகை டேப்பின் இரண்டு மாசச் சம்பளம். "முடியலேன்னா பெரியாஸ்பத்திரில சும்மாவே பிடுங்கிவிட்டுடுவாங்க. ஆனா பொம்பளப் புள்ள, முன்பல்லு. மூணு மாசத்துக்குள்ள முடிவு பண்ணுங்க."

கம்பெனியில் தொழிலாளர் குடும்பத்துக்கு மருத்துவ நிதி இருந்தது. டாக்டர் நிரப்பிக் கொடுத்த ஃபாரத்தை டேப்பு அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். மேனேஜர் அதைப் படிக்கவில்லை; டீ கிளாஸ் வைக்கத் தோதாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டார். ஐந்து வாரத்தில் ஃபாரத்தின்மேல் ஏகப்பட்ட வட்டம் விழுந்திருந்தது. ஆறாவது வாரம் அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

"வாய்யா டேப்பு. புதுப் பாக்கெட்டுல ஒரு குடும்பத்தோட படம் போடப் போறாங்க. நம்ம தொழிலாளி குடும்பமாவே இருக்கணும்னு மேலிடத்து ஆசை. உன் பொண்ண நம்ம கம்பெனி விளையாட்டுப் போட்டி அன்னிக்குப் பாத்தேன். என்ன அடக்கம்யா அவளுக்கு. எல்லாப் புள்ளைங்களும் ஈன்னு இளிக்குது, இவ மட்டும் வாயைப் பொத்திக்கிட்டே சிரிச்சா."

"சார், என் ஃபாரம்..."

"படம் முடியட்டும். மறுநாள் கையெழுத்து. போதுமா?"

எந்த வியாதிக்கு ஃபாரம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்காதவரிடம் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள அவனுக்கு என்ன பைத்தியமா?

"பல்லுக்கு ஃபாரம் குடுத்த புள்ளையையே பல்லைக் காட்டச் சொல்லுவாங்களே, யோசிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"வாயை மூடிட்டே சிரிப்பா. அவளுக்குப் பழக்கம்தானே."

"நல்ல ஆளு நீங்க."

மகள் மூன்று நாள் கண்ணாடி முன்னால் நின்று பழகினாள். மூன்றாம் நாள் கன்னம் வலிக்கிறது என்றாள்.

முதலில் வீட்டிலேயே எடுப்பதாகத்தான் ஏற்பாடு. போட்டோக்காரர் வந்தார், வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார், "கேமரா உள்ள போனா நாங்க வெளியதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகையால் கம்பெனி கோடவுனில் மூன்று சுவர் எழுப்பி ஒரு சமையலறை கட்டினார்கள். டேப்பின் மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அலமாரிக் கதவுகள் திறக்கவில்லை. வெள்ளிபோல மின்னிய குழாயைத் திருகிப் பார்த்தாள்.

"தண்ணி வராதும்மா, சும்மா பேருக்கு வச்சது," என்றாள் மேக்கப் போடும் பெண்.

"அப்ப நம்ம வீடு மாதிரியேதான்."

மேசைமேல் ஆப்பிள், ஆரஞ்சு, கறுப்புத் திராட்சை, அவித்த முட்டை என்று பரப்பி, நடுவில் வளையப் பாக்கெட்டை நிறுத்தியிருந்தார்கள். மகளுக்குத் திராட்சையிலிருந்து கண் எடுபடவில்லை. அவள் முன்னால் கிண்ணம் நிறையப் பால், அதில் வளையங்கள் மிதந்தன. கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனவளின் கையை உதவியாளர் பாய்ந்து பிடித்தார்.

"சாப்பிட்டுடாத பாப்பா, அது பசை. பால்ல போட்டா வளையம் ரெண்டு நிமிஷத்துல ஊறிப் போயிடும், படத்துக்கு நல்லாருக்காது."

டேப்புக்குக் கழுத்தில் டை கட்டிவிட்டார்கள். ஆபீசுக்குக் கிளம்பும் அப்பா அவன். மகளைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்க வேண்டும். ஒரு மணி நேரம் போனது. அவன் சிரித்தால் வயிற்றுவலிக்காரன் மாதிரி இருந்தது. மகளோ உதட்டைத் திறக்கவே இல்லை.

"பல்லு தெரியணும் பாப்பா. சாப்பிடுற பொருளுக்கு விளம்பரம், வாயை மூடிட்டிருந்தா எப்படி?" போட்டோக்காரருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

டேப்புக்கு வியர்த்தது. பக்கத்தில் அழகுக்காகத் திறந்துவைத்திருந்த பெட்டி ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே பாக்கெட்டுகள் வரிசையாகத் தெரியவேண்டும் என்று அரை மணி நேரம் அடுக்கி வைத்திருந்தார்கள். கை தானாகப் போய் இரண்டு மடிப்புகளையும் மூடியது. ஒட்டுவதற்கு டேப் கிடைக்கவில்லை. கழுத்திலிருந்த டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பெட்டிமேல் ஒட்டப் போனவன், தலை பெட்டியில் முட்டிய பிறகுதான் நின்றான்.

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். கேமரா படபடவென்று அடித்துத் தள்ளியது.

போட்டோக்காரர் திரையைப் பார்த்தார். மேக்கப் பெண்ணும் எட்டிப் பார்த்து, "ஐயோ பாவம்" என்றாள். மகள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல, பரவால்ல. இதுதான் வேணும். பல்லைக் கம்ப்யூட்டர்ல ரெண்டு நிமிஷத்துல சரிபண்ணிடலாம்," என்றார் போட்டோக்காரர்.

"அந்தக் கம்ப்யூட்டர்ல போடுற பல்லை வாயிலயே வச்சுவிட முடியாதாங்க?" என்று கேட்டாள் டேப்பின் மனைவி. கோடவுனே சிரித்தது. அவள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

கிளம்பும்போது மகளுக்காக ஒரு கொத்துத் திராட்சை கேட்டாள். பளபளப்புக்கு மருந்து அடித்திருக்கிறோம், வயிற்றுக்கு ஆகாது என்றார்கள். அதற்குப் பதிலாக மூன்று பெட்டி இனிப்பு வளையம் கொடுத்து, ஆட்டோ பிடித்தும் அனுப்பினார்கள்.

மறுநாள் மேனேஜர் இல்லை. அதற்கு அடுத்த வாரம் கூட்டம். அப்புறம் லீவு. அதற்குள் புதுப் பாக்கெட்டே வந்துவிட்டது. அதில் மகள் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர்க்காரன் கஞ்சத்தனம் பண்ணாமல் ஒன்பது வயசுக்கு முளைக்காத பல்லையும் சேர்த்தே வைத்துவிட்டிருந்தான். டேப்பு பெட்டிக்கு இருபத்துநாலு மகளாக மூடி மூடி ஒட்டினான். கூட வேலை செய்தவர்கள், "மாப்பிள்ளை வீட்டுக்குப் போட்டோ தனியா எடுக்கவேண்டாம் டேப்பு அண்ணே, ஒரு பாக்கெட்டு அனுப்பினா போதும்" என்று கிண்டலடித்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் மகள் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்.

மூன்றாம் மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது மேனேஜர் அகப்பட்டார். ஃபாரத்தை அன்றைக்குத்தான் படித்திருந்தார்.

"பல்லுன்னு நீ சொல்லவே இல்லையேய்யா."

"ஃபாரத்துல இருக்கு சார்."

"இருக்கறதுதான் வினை. காரணம்ங்கிற இடத்துல உங்க டாக்டர் என்ன எழுதிவச்சிருக்கார் பாரு. மூணு வேளையும் இனிப்பு வளையமாம். இதுல கையெழுத்துப் போட்டா முதல்ல என் சீட்டு கிழியும், அடுத்தது உன் சீட்டு." மேசையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் காட்டினார். "லட்சம் பாக்கெட்டு வெளிய போயிருக்கு. இவளுக்குச் சொத்தைப் பல்லுன்னு கம்பெனி ஃபைல்லயே இருந்தா அடுக்குமா?"

"படத்துல இருக்கறது கம்ப்யூட்டர் பல்லு சார்."

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பணம் குடுக்கிறவன் படத்தைத்தானேய்யா பாப்பான்."

கத்தரிக்கோலை எடுத்துப் பாக்கெட்டின் முன்பக்கத்தை ஓரம் பிசகாமல் வெட்டினார். ஆதாரம் என்று மேலே எழுதி, டீ வட்டங்கள் மறையும்படி ஃபாரத்தோடு வைத்துக் குத்தினார். கீழே, பல் நல்ல நிலையில் உள்ளது, உதவி தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாசமாகக் கேட்ட கையெழுத்து கிடைத்தேவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் பிடுங்குவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில், வீங்கிய உதட்டோடு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிர் பெஞ்சில் கன்னத்தில் துணி கட்டிய சின்னப் பெண் ஒருத்தி வளையப் பாக்கெட்டுக்குள் கையை விட்டு விட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அந்தப் பெண் பாக்கெட்டைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். எழுந்து கிட்டே வந்து, இவள் முகத்துக்குப் பக்கத்தில் பாக்கெட்டைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இது நீங்களா?"

மகள் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று தலையாட்டினாள்.

அந்தப் பெண் நம்பிவிட்டாள். திரும்பிப் போய் உட்கார்ந்து, இன்னொரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.