முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போன செய்தி

மகள் சித்ராவின் பிரசவத்துக்காகச் சொர்ணம்மா மதுரைக்கு விமானம் ஏறிய அன்றைக்கே காத்தமுத்துவின் கடைக்குக் காது போய்விட்டது.

கடல் நடுவே தீவு ஊரில், ஹேடோ பகுதியில், துறைமுக ஊழியர் குடியிருப்புக்குப் போகிற ஏற்றத்தில் இருந்தது அந்தக் கடை. கேஸ் அடுப்பு, குக்கர், மிக்ஸி எது பழுதானாலும் பார்ப்பார். கடை வைப்பதற்கு முன்னால் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இருபது வருடம் இரும்புத் தகடு தட்டியவர். அந்தச் சத்தம் வேலையை விட்ட பிறகும் அவரை விடவில்லை. காதுகளை வாங்கிக்கொண்டுதான் போனது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போனில் ஒன்றும் ஆகாது. போனை எடுப்பது, பேசுவது, யார் வீட்டில் என்ன பழுது என்று கையால் சைகை காட்டுவது எல்லாமே சொர்ணம்மாதான். விரலைச் சுழற்றினால் மிக்ஸி. உதட்டைக் குவித்தால் குக்கர் விசில்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு இருவருக்கும் சண்டை. பக்கத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் குணா ஒரு யோசனை சொல்லியிருந்தான். வாடிக்கையாளர் நம்பர்களையெல்லாம் சேர்த்து, மாதாமாதம் கொஞ்சம் பணம் கட்டி, போனிலேயே விளம்பரம் அனுப்பலாம். வேலையும் அதிலேயே எழுதி வாங்கலாம் என்றான்.

“அடுப்பு கெட்டா தானா வருவாக. இதுக்குப் போயி விளம்பரமா? அதான் வாசல்ல அம்மாம் பெரிய போர்டு வச்சிருக்கே” என்றார் காத்தமுத்து.

“போர்டைப் பாக்க ஆளு இந்த ஏத்தம் ஏறி வரணும். போனு அவுக அடுப்படிக்குள்ளயே இருக்கு. பால் பொங்குறப்பக்கூட அதைத்தான் பாக்குறாக” என்றாள் சொர்ணம்மா.

அவர் திரும்பி ஸ்பானரை எடுத்துக்கொண்டார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அவர் வழக்கம். உதட்டைப் பார்க்காவிட்டால் சண்டையும் கேட்காதல்லவா.

அவள் போன பிறகு போன் அதிர்ந்தது. எடுப்பார், “கடைக்கு வாங்க!” என்று கத்துவார், வைத்துவிடுவார். யார் கூப்பிட்டார்கள், என்ன சொன்னார்கள் என்று தெரியாது. முதல் வாரம் வழக்கம்போல் ஓடியது. மூன்றாவது வாரம் ஒரே ஒரு குக்கர் வந்தது. அதுவும் கைப்பிடி திருகு.

காலையில் சொர்ணம்மா வீடியோவில் வருவாள். திரையில் அவள் உதடு சின்னதாக அசையும், முக்கால்வாசி புரியும். அன்று பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டு, அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பழுதுக்கு வந்த சாமான்கள் இருக்கிற பலகை காலியாக இருந்தது.

மறுநாள் குணா வந்து எதிரே நின்று, நிதானமாக வாயசைத்துச் சொன்னான்: “அண்ணே, அண்ணி பணம் அனுப்பிட்டாங்க. பழைய நோட்டுல இருக்க நம்பர் முன்னூத்திப் பன்னெண்டும் ஏத்தியாச்சு. அவங்க போன்லேருந்தும் எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பலாம், உங்க போன்லயும் தெரியும். இப்ப வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

காத்தமுத்து திரும்பி ஸ்பானரை எடுத்துக்கொண்டார்.

குணா அழகாகப் படம் போட்டு, தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பினான்: மழைக்காலத்துக்கு முன் கேஸ் டியூபைச் சோதித்துக்கொள்ளுங்கள். நான்கு நாளில் இரண்டு பேர் வந்தார்கள். ‘நான் சொன்னேனில்லையா’ என்கிற முகத்துடன் காத்தமுத்து அந்த இரண்டு டியூபையும் மாற்றிக்கொடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை மதியம், மணி ஒன்றரை இருக்கும். மேலே குடியிருப்பிலிருந்து மீனா டீச்சர் விறுவிறுவென்று இறங்கி வந்தாள். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் குக்கர். தூக்குவாளியை மேசையில் வைத்துத் திறந்தாள். மிளகு ரசம், ஆவி பறந்தது. காத்தமுத்து விழித்தார். டீச்சர் தன் போனை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

கடையின் பெயரில், கடையின் அடுப்புப் படத்துக்குக் கீழே, இப்படி இருந்தது:

“என்னங்க, சாப்டீகளா? காலைல பாத்தேன், கன்னம் ஒட்டிப்போச்சு. பருப்பு டப்பா மேல் தட்டுல இருக்கு. ரசப்பொடி ரெண்டு ஸ்பூன் போதும், அள்ளிக் கொட்டாதீக. கடை காலியா இருந்தா இருக்கட்டும், எனக்கு ஒண்ணும் கோவமில்ல. போன் அடிச்சு, ஒங்களுக்குக் கேக்காம நீங்க தனியா உக்காந்திருக்கதை நெனச்சாத்தான் இங்க எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.”

அவருக்கு மட்டும் அனுப்ப நினைத்தது, முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போயிருந்தது.

காத்தமுத்துவுக்கு முகம் சூடேறியது. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது டீச்சரைப் பார்க்க முடியவில்லை. அவளே குனிந்து, அவர் கண்ணுக்கு நேராக வந்து சொன்னாள்:

“ஒங்களுக்குக் காது கேக்காதுன்னு எனக்குத் தெரியாதுண்ணே. ரெண்டு தடவை போன் பண்ணேன், கத்திட்டு வச்சிட்டீங்க. ஏதோ கோவம்னு நெனச்சுக்கிட்டு இந்தக் குக்கரை அப்பிடியே போட்டு வச்சிருந்தேன்.”

அவள் போன கொஞ்ச நேரத்தில் பிஸ்வாஸ் வீட்டு வங்காள அம்மா மீன் குழம்போடு வந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. “யே க்யா லிக்கா ஹை, பையா? ஆஃபர் ஹை க்யா?” என்று, ஏதோ தள்ளுபடி அறிவிப்பு என நினைத்து, குணாவின் கடையில் கேட்டிருக்கிறாள். அவன் இந்தியில் சொல்லச் சொல்லக் கண்ணைத் துடைத்துக்கொண்டவள், வீட்டுக்குப் போய்க் குழம்பையும், ஆறு மாதமாக ஓடாத மிக்ஸியையும் எடுத்து வந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் பலகை நிறைந்தது. கடையை மூடிவிட்டதாக நினைத்திருந்தவர்கள், கோபக்காரர் என்று ஒதுங்கியிருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். வர முடியாதவர்கள் எழுதினார்கள். போனில் வரிசையாக வந்து விழுந்தன: ‘அடுப்பில் இடது பக்கம் எரியவில்லை’, ‘குக்கர் வாஷர் இருக்கிறதா’, ‘அங்கிள், சாப்பிட்டீர்களா’. காத்தமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்தார். ஒன்றில்கூடச் சத்தம் இல்லை. எல்லாமே அவருக்குக் கேட்டது.

சொர்ணம்மாதான் காணாமல் போனாள். அடுத்த நாள் வீடியோவில் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. “அம்மா வெக்கத்துல போனையே தொட மாட்டேங்குறாங்க. ஊரே சிரிக்கும்னு அழுவுறாங்க” என்று சித்ரா எழுதியிருந்தாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் மனைவிக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதும்படி அவள் தூரமாகப் போனதும் இல்லை. கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அழுத்தினார். அரைமணி நேரம் ஆயிற்று. அனுப்புவதற்கு முன்னால் குணாவைக் கூப்பிட்டு, “இது அவளுக்கு மட்டுந்தானே போகும்? நல்லாப் பாருடா” என்று மூன்று தடவை கேட்டார். குணா பெயரை மட்டும் பார்த்துத் தலையாட்டினான்; செய்தியைப் படிக்கவில்லை.

“சொர்ணம். யாரும் சிரிக்கலை. மூணு நாளா எட்டு வீட்டு ரசம். ஒண்ணும் ஒன் ரசம் மாதிரி இல்ல. பலகையில எடமில்ல. குக்கர் வாஷர் தீந்துபோச்சு, மதுரைல வாங்கிக் கப்பல்ல போடு. குணாவுக்கு மாசாமாசம் நானே கட்டுறேன். ஆனா அவன் எழுதினதுக்கு ரெண்டு பேருதான் வந்தாக. இனிமே நீயே எழுது. நாளைக்கு வீடியோவுல வா. ஒன் வாயப் பாக்காம எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.”

மறுநாள் காலை அவள் வந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு சிரித்துக்கொண்டு, “எட்டு வீட்டு ரசமா?” என்றாள்.

அதிலிருந்து வியாழன் தவறாமல் சொர்ணம்மா எழுதினாள். இந்தியில் மாற்றிப் போடுவது குணாவின் வேலை. விசில் வராத குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு டி.வி. பார்க்காதீர்கள் என்பாள். பேத்தி பிறந்துவிட்டாள், மூன்று கிலோ என்பாள். மதுரை வாஷர் இந்தக் கப்பலில் வருகிறது என்பாள். தூரத்துக் கிராமமான பெரார்கஞ்சிலிருந்துகூட பஸ்ஸில் அடுப்பு வர ஆரம்பித்தது.

நான்கு மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். மறுநாள் கடையில் உட்கார்ந்து போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாச் செய்திக்கும் அவரே பதில் எழுதியிருந்தார். ‘சரி’, ‘நாளைக்கு’, ‘சாப்பிட்டேன்’. அவள் முகம் கொஞ்சம் வாடியது.

“எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கிறீக. இனிமே நான் எதுக்கு இங்க?”

அவர் உதட்டைப் படித்தார். முக்காலியை இழுத்து, வெளிச்சம் அவள் முகத்தில் விழுகிற மாதிரி போட்டார்.

“இதுல உக்காரு. பேத்தி யாரு மாதிரி இருக்கா? மொதல்லேருந்து சொல்லு.”

“வேலை?”

“கெடக்கு” என்றார் காத்தமுத்து. அவள் பேசத் தொடங்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.