தடுப்புக் கம்பி

விடிவதற்குள் முதல் பாரம் வந்து இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி விரிப்புகள். மூட்டையை அவிழ்க்கும்போதே ரத்தமும் மருந்தும் கலந்த வாடை முகத்தில் அறைந்தது. வக்கீலம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவற்றை வாரிச் சலவை எந்திரத்துக்குள் திணித்தாள். சலவைக் காரம் அரித்த விரல்கள் எரிந்தன. அந்தப் பக்கம் நீராவியில் கொதிக்கும் உருளைகள் சுழலத் தொடங்கின. ஈர விரிப்புகளை இழுத்து விழுங்கி, மறுபக்கம் விறைப்பாகத் துப்பின.

அவள் வக்கீலுக்குப் படித்தவள் அல்ல. வாயைத் திறந்தால் முதலாளியே திணறிப்போவார் என்று சலவை ஆலைப் பெண்கள் வைத்த பெயர். சங்கத்துக்கு அவளைத் தலைவியாக்கியதும் அந்த வாய்க்காகத்தான்.

கை உள்ளே போனால் உருளையை நிறுத்துவதற்கென்று முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருந்தது. அடிக்கடி எந்திரம் நின்று வேலை தாமதமாகிறது என்று மேலாளர் அதைக் கழற்றச் சொன்னார். உருளையில் விரிப்புத் தள்ளும் சின்னக்கா அன்றே வந்து சொல்ல ஆரம்பித்தாள். வக்கீலம்மா பாதியிலேயே மறித்து, கூலிப் பேச்சு முடியட்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்று அனுப்பிவிட்டாள்.

அந்த அப்புறம் வருவதற்குள் உருளை சின்னக்காவின் வலக்கையை இழுத்துக்கொண்டது.

மறுநாள் ஆலை வாசலில் கூட்டம். நஷ்டஈடு, நியாயம், வேலைநிறுத்தம் என்று வக்கீலம்மா அனல் பறக்கப் பேசினாள். ஒரு கை உயரவில்லை. துணி மடிக்கும் நெட்டச்சி மட்டும் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி சொன்னாள்:

"நீ நல்லாத்தான் பேசற. நாங்க சொன்னத எப்போ கேட்ட?"

வக்கீலம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யாருக்காகத் தொண்டை வற்றக் கத்துகிறேன் என்று முனகிக்கொண்டே நடந்தாள். சின்னக்கா அன்று சொல்ல வந்தது முழுக்க என்னவென்று தனக்கு இன்னும் தெரியாது என்பது பாதி வழியில்தான் உறைத்தது. வீட்டுக்குத் திரும்பாமல் சின்னக்காவின் அறைக்குப் போனாள்.

சின்னக்கா சுவரில் சாய்ந்து, கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தாள். வக்கீலம்மா உட்காருமுன்னே சமாதானம் சொல்லத் தொடங்கினாள்.

"கொஞ்ச நேரம் சும்மா இரேன்டி."

இருந்தாள். அது எத்தனை பாடு என்று அன்றுதான் தெரிந்தது. பதில் நாக்கு நுனிவரை வந்து வந்து திரும்பியது. நஷ்டஈடு மட்டும் கேட்டால் முதலாளி எதையாவது விட்டெறிந்துவிட்டு அந்த இடத்தில் வேறொருத்தியை நிறுத்துவார் என்றாள் சின்னக்கா. அந்த வேறொருத்தி நானோ என்று ஒவ்வொருத்தியும் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்கிறாளாம். முதலில் கம்பி, மற்றது பிறகு.

அதற்கப்புறம் வக்கீலம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள், பேச அல்ல. பாத்திரம் தேய்த்தபடியும் பிள்ளையைத் தூங்கவைத்தபடியும் அவர்கள் சொன்னார்கள். அவளையே குறை சொன்னவர்களும் உண்டு. அதையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். வேலைநிறுத்தம் என்று வெளியே போனால் வேறு ஆளைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்று பலரும் பயந்தார்கள். வெளியே போகாமல் எந்திரத்துப் பக்கத்திலேயே நிற்போம் என்றாள் நெட்டச்சி. தலைவிக்குத் தோன்றாத யோசனை அது.

விஷயம் முதலாளி காதுக்கு எட்டியது. அவளை மட்டும் மாடி அறைக்கு அழைத்து நாற்காலி காட்டினார்.

"சூப்பர்வைசர் வேலை ஒண்ணு காலியா இருக்கும்மா. உன்னை மாதிரி ஆள்தான் வேணும்."

"கீழ வாங்க. அவங்க பேசுவாங்க."

"எல்லாரும் பேசினா நான் யார் பேச்சைக் கேக்கறது?"

"ஒவ்வொருத்தர் பேச்சையும். நானே இப்பதான் பழகறேன். கஷ்டமாத்தான் இருக்கும்."

அவர் விடுவிடுவென்று இறங்கிவந்து உருளையைப் போடச் சொன்னார். உருளை சுழன்றது. யாரும் விரிப்பைத் தொடவில்லை. கட்டுப் போட்ட கையோடு சின்னக்கா முன்னால் வந்து நின்றாள்.

"கம்பி மாட்டாம இந்த உருளைக்கு இன்னொரு கை கிடையாது."

வேலைக்கு வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், தெரியுமா என்றார் முதலாளி.

"வரட்டும்," என்றாள் நெட்டச்சி. "அவங்களுக்கும் ரெண்டு கைதான். அவங்ககிட்டயும் பேசிக்கறோம்."

போலீசைக் கூப்பிடுகிறேன் என்று அவர் மாடியேறினார். கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நீராவி வால்வை மூடினார். சீற்றம் அடங்க, ஆலைக்குள் அதுவரை யாரும் கேட்டிராத அமைதி. ஈரத் துணிக் குவியலுக்குப் பின்னாலிருந்து, இந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த, வாயே திறக்காத ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.

வக்கீலம்மா ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"சொல்லும்மா. கேக்கறோம்."

வெளியே போலீஸ் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஒருத்தியும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. புதியவள் பேச ஆரம்பித்தாள்.