பதினாறு விநாடித் தூக்கம்

அந்த வீடியோ வெளியாகிப் பதினொரு நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. மெத்தைக் கம்பெனியின் முன்கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே அவள் உட்கார்ந்திருந்தாள். பின்சுவரில் அவளே ஆளுயரப் படமாக, உறை போடாத மெத்தைமேல் வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தாள். ‘செய்கிறவர்களே தூங்கிவிடும் மெத்தை’ என்று கீழே எழுதியிருந்தது.

பதினாறு விநாடிதான். சூப்பர்வைசர் தன் கைபேசியில் எடுத்தது. நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்று மாதத்துச் சரக்கு ஒரே வாரத்தில் போயிற்று. பின்பக்கம் பசை அடிக்கிற பெண்களுக்கு வேலை நேரம் பன்னிரண்டு மணியாக நீண்டது.

அவளை மட்டும் முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஐந்து வருடம் பசைத் துப்பாக்கி பிடித்த கை. டீ டம்ளரின் சூடு இன்னும் விரல் நுனிக்கு உறைப்பதில்லை. மெத்தை வேண்டாமென்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களைச் சமாதானம் செய்து அனுப்புவது புது வேலை.

"உன் மூஞ்சியப் பாத்தா நம்புறாங்கம்மா," என்றிருந்தார் சூப்பர்வைசர். "ஒண்ணுகூடத் திரும்பி வரக்கூடாது. வந்துச்சுன்னா நீயும் பசைக்கே போயிட வேண்டியதுதான்."

பசை மேசையில் முன்பு அவளுக்குப் பக்கத்தில் வேலை செய்த தோழி, தண்ணீர் பிடிக்க வந்தவள் நின்றாள்.

"என்ன மகாராணி, காத்து நல்லா வருதா?"

"வருதுடி."

"எங்களுக்கும் சேத்து வாங்கிக்கோ. நாளைக்கு நானும் படுத்துப் பாக்கறேன், எனக்கும் ஒரு நாற்காலி தர்றாங்களான்னு." சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. சூப்பர்வைசரின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் கணவனுக்கும் பெருமைதான். "வேலைக்குப் போறியா, தூங்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வீடியோவை அனுப்பினான். அன்று நடந்ததை அவனிடம் அவள் சொல்லவில்லை. அவன் வாய் நிற்காது. நாற்காலி போய்விடும்.

மதியத்துக்குமேல் ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. மேலே மெத்தையைச் சுருட்டிக் கட்டியிருந்தது. இறங்கிய பெண்மணி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவள். சீருடையைக்கூட மாற்றவில்லை. சுவரைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"நீதானேம்மா அது?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"உன்னப் பாத்துத்தான் வாங்கினேன். காசு வாங்கிட்டு நடிக்கிறவளா இருந்தா திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். நம்மள மாதிரி வேலைக்காரப் பொண்ணு, அசந்து தூங்குது, இதுல என்ன பொய் இருக்கப்போகுதுன்னு நெனச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எம் பொண்ணு அதுல நாலு ராத்திரி படுத்தா. வெயில்ல காய வச்சும் நெடி போகல. எந்திரிக்கும்போதே தலையப் புடிச்சுக்கிட்டு வாந்தி எடுக்குறா."

கண்ணாடிக் கதவு திறந்தது. சூப்பர்வைசர் வெளியே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"புதுசுல அப்படித்தாம்மா இருக்கும்," என்றாள் அவள். இதையே இன்று ஏழு பேரிடம் சொல்லியாகிவிட்டது. "ஜன்னலத் திறந்து வைங்க. ரெண்டு வாரத்துல சரியாயிடும்."

சூப்பர்வைசர் தலையாட்டினார்.

அந்தப் பெண்மணி சண்டைக்கு வரவில்லை. மேசைமேல் குனிந்து, சொந்தக்காரியிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"நீ சொன்னா அப்படியே செய்யறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு தாயி. உறைகூட இல்லாம அது மேலேயே தூங்குனியே, உனக்கு ஒண்ணும் பண்ணலையா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் சூப்பர்வைசரைப் பார்க்கவில்லை. குரலும் உயரவில்லை.

"நான் தூங்கலம்மா. பசை நெடி தாங்காம மயங்கி விழுந்தேன். படம் எடுத்து முடிச்சப்புறந்தான் தண்ணி தெளிச்சாங்க."