மூன்று ரூபாய்க் கோல்

ஆறு வருஷமாக அந்தக் கோல்களைத் துடைத்து, நுனியில் சுண்ணம் தேய்த்து, துரைமார் கையில் எடுத்துக் கொடுத்தவன் காளியண்ணன். இப்போது அவன் அவற்றைத் தொட்டு ஆடக் கூடாதாம்! அவன் மனைவி ராமாயிக்கு வயிறு எரிந்தது.

செம்மேட்டுக்கு மேலே காப்பித்தோட்டத் துரைமாரின் பங்களாவில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை உண்டு. அதற்கு நிரந்தரமாக, புள்ளி எண்ணித் துரைமாரோடு ஆடவும் செய்கிற ஒரு மார்க்கரை வைக்கப் போகிறார்கள். வேலையோடு ஓட்டு வீடு ஒன்றும் கிடைக்கும். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும், பதினோரு பேர் படுக்கும் ஒரே கூரைக்குள் கிசுகிசுத்தே குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்த வீடு எத்தனை பெரியது! ஆனால் பங்களாவில் கணக்கெழுதும் ரைட்டர் அப்புசாமியின் மைத்துனன் ராசாமணியும் அதே வேலைக்குச் சேலத்திலிருந்து வந்து நின்றான். சனிக்கிழமை இருவரும் ஆடட்டும், ஜெயித்தவனுக்கு வேலை என்றார் பங்களாப் பொறுப்பிலிருந்த துரை. உடனே ரைட்டர் ஒரு சட்டம் போட்டார்: பங்களாக் கோல் மெம்பர் துரைமாருக்கு மட்டும். ஆட வருகிறவன் சொந்தக் கோல் கொண்டுவர வேண்டும்.

"அந்த மேசைத் துணிக்கு அடியில கெடக்கற கல்ல அடிவாரத்துல இருந்து தூக்கியாந்தது எங்காளுங்க தோளு. கல்லத் தொடலாம், குச்சியத் தொடக்கூடாதா?" என்று பொரிந்தாள் ராமாயி.

"உடு கண்ணு. சோளக்காட்டுச் சந்தைல பொங்கியண்ணன் பழைய கோலு மூணு வெச்சிருக்கறானாம்" என்றான் காளியண்ணன்.

மிளகு விற்ற ஏழு ரூபாயை முடிந்துகொண்டு இருவரும் போனார்கள். கீழ்நாட்டு வியாபாரி பொங்கியண்ணன் ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கறுத்த பிடியில் கிளிஞ்சல் பதித்த ஒரு கோலை நீட்டினான். காளியண்ணன் அதை வாங்கிய விதத்தைப் பார்த்தால் பிறந்த குழந்தையை வாங்குகிறான் என்று நினைக்கத் தோன்றும்.

"இருவது ரூவா. உன்ற கிட்ட எவ்வளவு இருக்குது?"

"ஏழுதானுங்க."

"செரி, உனக்காக ஏழு."

பதின்மூன்று ரூபாயை ஒரே மூச்சில் விட்டுக்கொடுக்கும் வியாபாரியை ராமாயி கண்டதில்லை. கோலைப் பிடுங்கிப் பக்கத்துப் பலகையில் உருட்டினாள். அது நொண்டி நொண்டி உருண்டது.

"மழையில நனைஞ்சு வளைஞ்ச கட்டைங்க இது!"

"உலக்கை புடிக்கறவளுக்கு இதுல என்ன தெரியும்?"

"உலக்கை புடிக்கறதாலதானுங்க தெரியும். எங்கூட்டுல நாலு பொம்பளைக்கு நாலு உலக்கை. என்ற மாமியா உலக்கைய நா எடுத்தா மறுநா தோளு வீங்கிப் போவும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்க ஓங்கி அடிக்கறவரா? தடவி உடறவரு. உங்க பந்து இன்னொண்ணத் தொட்டுட்டுப் பக்கத்துலயே நிக்கும். தொரைமாரு இல்லாதப்ப நீங்க தட்டிப் பழகறத, பங்களாவக் கூட்டறப்ப நா பாக்கலையா? இந்தக் கனத்த வெச்சுட்டு எப்படித் தடவுவீங்க?"

"எல்லாரும் பாப்பாங்க ராமாயி. ராசாமணி கோலுக்குத் தோல் உறையே இருக்குது. நா வெறகாட்டம் ஒண்ணத் தூக்கிட்டுப் போவட்டுமா?"

ரைட்டரின் சட்டத்தைவிட இந்தப் பேச்சுத்தான் அவளைச் சுட்டது.

"அவங்க சிரிப்பாங்கன்னு தோத்துட்டு வரப்போறீங்களா?"

அவன் கை அடுத்த கோலுக்குப் போனது. இரண்டாவது கோல் குட்டை; அதை வைத்து ஆடினால் முதுகு கூனிவிடும். மூன்றாவதில் பூவுமில்லை, பூணுமில்லை. ஆனால் பலகையில் சத்தமில்லாமல் உருண்டது. காளியண்ணன் அதை விரலிடுக்கில் வைத்து, பழக்கடைப் பலகைமேல் குனிந்து, ஒரு கமலாப்பழத்தை மெல்லத் தட்டினான். அது போய் அடுத்த பழத்தைத் தொட்டு நின்றது.

"ஏம்ப்பா, வாங்கிட்டுக் குத்து!" என்று கத்தினாள் கடைக்காரி பாவாயி.

அவன் நிமிரவில்லை. இன்னொரு பழத்தைத் தட்டினான். எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம் முகத்தில் இல்லை.

"மூணு ரூவா" என்றான் பொங்கியண்ணன் வேண்டாவெறுப்பாக.

சனிக்கிழமை பங்களாவில் ரைட்டர் அந்தக் கோலைப் பார்த்ததும், "அடுப்புக்கு எடுத்து வெச்சதா?" என்று உரக்கச் சிரித்தார். வராந்தாக் கதவோரம் நின்ற ராமாயி பல்லைக் கடித்தாள். ராசாமணி ஓங்கி அடித்தான். பந்துகள் மேசை முழுக்கச் சிதறி ஓடின. காளியண்ணனோ மூன்று பந்துகளையும் ஒரு மூலைக்கு ஓட்டிச் சென்று, அங்கேயே வைத்து, தன் பந்தால் மற்ற இரண்டையும் தட்டித் தட்டிப் புள்ளி சேர்த்தான். ஜெயிக்க வேண்டிய நூறை அவன் தொட்டபோது ராசாமணி எழுபத்தொன்று.

"வீட்டுச் சாவியக் குடு" என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டுத் துரை வெளியே போனார்.

ரைட்டர் சாவியை மேசைமேல் விட்டெறிந்தார். அது பச்சைத் துணியில் வழுக்கி நடுவில் போய்க் கிடந்தது. காளியண்ணன் கையை நீட்டினான்.

"எடுக்காதீங்க" என்றாள் ராமாயி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஜெயிச்ச ஆளுங்க அவரு. தூக்கிப் போட்டதப் பொறுக்க வரலீங்க. கையில குடுங்க."

"இல்லேன்னா?"

"தொரை இன்னும் வாசல்லதானுங்க நிக்கறாரு."

காளியண்ணன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். கோலை ஊன்றி நேராக நின்றான். ரைட்டர் வாசலைப் பார்த்தார், மைத்துனனைப் பார்த்தார். பிறகு சாவியை எட்டி எடுக்க, தொப்பை விளிம்பில் அழுந்த, அந்த அகலமான மேசைமேல் நன்றாகவே குனிய வேண்டியிருந்தது அவருக்கு.