வாத்துப் பொம்மையின் வயிறு

மதியம் பிள்ளைகள் தூங்கிய பிறகு சின்னக்கா முட்டிபோட்டுத் தரையில் இறங்குவாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, மின்விசிறியை ஒரு படி குறைத்துவிட்டு, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து அறையை நோட்டம் விடுவாள். நின்றபடி பார்த்தால் பளிச்சென்று இருக்கிற தரை, தவழும் பிள்ளையின் கண்மட்டத்துக்கு வந்தால் வேறு முகம் காட்டும். அலமாரிக்கடியில் ஒரு சட்டைப் பொத்தான் கிடக்கும். பாய்க்கும் சுவருக்கும் நடுவே யாரோ ஓர் அம்மாவின் தோட்டுத் திருகாணி, நகமளவு கிரேயான் துண்டு. இந்தக் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, வாயில் போனால் என்ன ஆகும் என்றுதான் அவள் உலகத்துப் பொருள்களையெல்லாம் எடைபோடுகிறாள். வீட்டிலும் சோஃபாவுக்கடியில் கையை விட்டுத் துழாவுவாள். "புதையல் கெடச்சா எனக்கும் பாதி குடு" என்பான் புருஷன். பிள்ளை இல்லாத வீட்டில் யாருக்காகத் துழாவுகிறாய் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த விஷயத்தில் அவன் தங்கமான மனுஷன்.

அன்று அவள் கைக்கு அகப்பட்டது வாத்துப் பொம்மை. தலையை அமுக்கினால் பாட்டுப் பாடும் மஞ்சள் வாத்து. அலமாரி ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. வயிற்றில் ஒட்டியிருந்த டேப் ஒரு பக்கம் உரிந்து மூடி தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி இருக்க வேண்டும். அது இல்லை.

டேப் ஒட்டியது அவளேதான். முந்தின நாள் அந்த மூடியின் திருகு கழன்றுவிடும்போல ஆடியது. மிளகளவுகூட இருக்காது. விழுந்து யாராவது வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து, அதைக் கழற்றிக் குப்பையில் எறிந்துவிட்டு மூடியை டேப்பால் சுற்றினாள். பொம்மையையே எடுத்துப் பரண்மேல் போட்டிருக்கலாம். ஆனால் முரசுக்கு அந்தப் பாட்டு வேண்டும். முரசு என்பது அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஒரு பெண் குழந்தைக்கு இங்கே வைத்த பெயர். வாத்து பாடினால்தான் அதன் வாய் மூடும். திருகுக்குப் பயந்தவளுக்குப் பேட்டரிக்குப் பயப்படத் தோன்றவில்லை. என்ன புத்தி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தேடினாள். பாய்களின் ஓரங்களைத் தூக்கிப் பார்த்தாள், பொம்மைக் கூடையைச் சத்தமில்லாமல் கவிழ்த்தாள், குப்பைக் கூடையில் அழுக்கு டயப்பர்களைக்கூட ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். தூங்குகிற பிள்ளைகளின் மூடிய விரல்களை விரித்துப் பார்த்தாள். ஒரு கையில் பிஸ்கட் தூள் இருந்தது. மற்ற கைகளெல்லாம் வெறும் வியர்வை.

சமையலறையில் பெரியக்கா பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் காப்பகம் திறந்த நாளிலிருந்து இருப்பவள். எதற்கும் பதறாதவள் என்று பெயரெடுத்தவள்.

"அக்கா, வாத்துல இருந்த பேட்டரியக் காணோம்."

"எங்கயாச்சும் உருண்டிருக்கும். நல்லாப் பாரு."

"பாத்துட்டேன்க்கா. எல்லா எடத்துலயும் பாத்துட்டேன்."

பெரியக்கா இடுக்கியைக் கீழே வைத்தாள். "யாராவது முழுங்கியிருந்தாலும் ரெண்டு நாள்ல தன்னால வெளிய வந்துரும். என் பெரியவன் காசு முழுங்கலையா? கல்லு மாதிரி இருக்கான் இப்போ."

காசு வேறு, பேட்டரி வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாடம் நடத்திய டாக்டரம்மா, ஒரு பச்சைக் கோழித்துண்டின்மேல் இதே மாதிரி பேட்டரி ஒன்றை வைத்து மூடிவிட்டு, காப்பி குடிக்கப் போகச் சொன்னாள். திரும்பி வந்து பார்த்தபோது பேட்டரி பட்ட இடம் கருகியிருந்தது. நெருப்பில்லை, புகையில்லை, பொசுங்கிய வாடைகூடப் பெரிதாக இல்லை. "இது தொண்டையில நின்னா வெயிட் பண்ணவே கூடாது. அழலையேன்னு நெனச்சு விட்றாதீங்க" என்றாள் டாக்டரம்மா. சின்னக்கா அன்று வீட்டுக்குப் போய்க் கோழிக் குழம்பைத் தொடவில்லை. பெரியக்காவின் காலத்தில் இந்தப் பயிற்சியெல்லாம் கிடையாது.

"ஈரம் பட்டா கருக்கிரும்க்கா அது" என்றாள்.

பெரியக்காவின் முகத்தில் முதல்முறையாக ஏதோ மாறியது. "காலைல வாத்த யாரு வெச்சிருந்தா?"

அந்தக் கேள்விக்குத்தான் சின்னக்கா இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருந்தாள்.

வாத்தியார்தான் வைத்திருந்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளி, மற்ற பிள்ளைகளின் பாய்களுக்கு நடுவே மேற்பார்வை பார்க்கிறவன் மாதிரி நடப்பான், அதனால் வாத்தியார். இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. அவன் அம்மா பஸ் ஓட்டுகிறாள். காப்பகத்து வாசல் வழியாகத்தான் அவளுடைய பஸ் போகும். வாசலைக் கடக்கும்போது இரண்டு தடவை சின்னதாக ஹாரன் அடிப்பாள். வாத்தியார் என்ன செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கையைத் தூக்குவான். பஸ் கண்ணில் படாவிட்டாலும் தூக்குவான். பிள்ளைகள் தூங்கும் நேரத்து நடையில் மட்டும் அவள் ஹாரன் அடிக்க மாட்டாள். அந்த நேரத்தில் பஸ் நுனிக்காலில் நடக்கிற மாதிரி ஊர்ந்து போகும்.

காலை முழுவதும் வாத்தியாரின் கக்கத்தில் வாத்து இருந்தது. மதியம் ஊட்டும்போது முதல் வாயை வாங்கி, கன்னத்தில் அடக்கி, பிறகு மெதுவாக வெளியே தள்ளினான். தண்ணீரையும் தள்ளினான். மற்ற பிள்ளைகள் தட்டைக் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டார்கள். இவனுக்கு ஜொள்ளு வேறு. பல் முளைக்கிறது, அதனால்தான் சாப்பிடவில்லை என்று அவளே பெரியக்காவிடம் சொன்னாள். எவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்று இப்போது நினைத்துப் பார்த்தாள்.

அவன் பாயருகே போய் உட்கார்ந்தாள். வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். தலையணை உறை கழுத்துவரை நனைந்திருந்தது. மூச்சு வந்தது, போனது. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் முன்னால் தொண்டையில் ஒரு சின்னத் தடங்கல், கதவு நிலையில் உரசித் திறக்கிற மாதிரி. நேற்றும் இப்படித்தான் மூச்சு விட்டானா? அவளுக்கு ஞாபகமில்லை. தினமும் கேட்கிற மூச்சு, இருந்தும் ஞாபகமில்லை. அது அவளை அழ வைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் அம்மாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. ஓட்டும்போது எடுக்க மாட்டாள். எடுக்கவும் கூடாது.

அடுத்து மேடத்துக்குப் போட்டாள். காப்பகத்தின் முதலாளி அவள். புதுக் கட்டில்கள் பார்க்கக் கடைக்குப் போயிருந்தாள்.

"பதட்டப்படாத. நல்லாத் தேடு, கெடைக்கும். நான் வர்ற வரைக்கும் பேரன்ட்ஸ் யார்கிட்டயும் வாயத் தொறக்காத. முழுங்குனத யாராவது பாத்தீங்களா?"

"பாக்கல மேடம்."

"அப்புறம் என்ன? பல்லுக்கு ஜொள்ளு வடியாதா? ஒருத்தருக்குச் சொன்னா அத்தன பேரும் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க. இத நம்பித்தான நாம எல்லாரும் சாப்பிடறோம்?"

மேடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் சின்னக்காவைக் கட்டிப்போட்டது. போனை வைத்துவிட்டு மறுபடி வாத்தியாரின் பாயருகே வந்தாள். பேட்டரி எங்கேயோ ஒரு மூலையில் சும்மா கிடக்கலாம். கூட்டிப் பெருக்கியபோது போயிருக்கலாம். அப்படியானால் அவள் ஒரு பைத்தியக்காரி, நாளை முதல் வேலை இல்லாத பைத்தியக்காரி. பேட்டரி மூலையில் கிடக்கவில்லை என்றால், இதோ இப்போதும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், சத்தமில்லாமல், தூங்குகிற பிள்ளைக்குள்ளே. அவளுக்குக் கோழித்துண்டு கண்ணில் வந்தது.

குனிந்து வாத்தியாரைத் தூக்கினாள். அவன் முனகி, அவள் தோளில் முகத்தைப் புதைத்தான்.

பெரியக்கா வாசல்கதவை மறித்து நின்றாள். "பெத்தவங்க வராம ஒரு பிள்ளையும் இந்தக் கேட்டத் தாண்டக் கூடாது. உனக்கே தெரியும்."

"தெரியும்க்கா."

"ஒண்ணுமில்லேன்னா?"

"ஒண்ணுமில்லேன்னா நல்லதுதானக்கா."

பெரியக்கா அவள் தோளிலிருந்த முகத்தைப் பார்த்தாள். விரலால் அவன் மோவாயைத் துடைத்தாள். எச்சில் நூலாக இழுபட்டது, அதில் லேசாகச் சிவப்பு இருந்தது. பல் முளைக்கும்போதும் அப்படி வரும் என்று இருவருக்கும் தெரியும். இருவருமே அதைச் சொல்லவில்லை.

"இவன் அம்மா வண்டி இப்ப வர்ற நேரம்தான். ஆஸ்பத்திரி வழியாத்தான் போகுது" என்றாள் பெரியக்கா. பிறகு தாழ்ப்பாளை அவளே விலக்கினாள். "போ. மத்த பிள்ளைங்களப் பெத்தவங்களுக்கு நான் சொல்லிக்கறேன். மேடம் என்னையும் சேர்த்தே திட்டட்டும்."

வெயிலில் கண் கூசியது. காப்பகத்துச் சுவரை ஒட்டிச் சாலையோரத்தில் நின்றாள். இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் ஒருநாளும் இந்தப் பக்கம் வந்ததில்லை. கடைக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். பஸ் வருமா, வந்தால் அவளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? பேட்டரி என்றா, டேப் என்றா, நான்தான் என்றா? ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். எதுவும் ஒரு தாயிடம் சொல்லக்கூடிய வார்த்தையாக இல்லை.

வளைவில் பஸ் தெரிந்தது. வழக்கம்போல வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் வாத்தியாரின் அம்மா முகம், பிள்ளைகள் தூங்குகிற அறை ஜன்னலை ஓரக்கண்ணால் பார்க்கத் தயாரான முகம், லேசான சிரிப்போடு இருந்தது. அந்தச் சிரிப்பு சாலையோரத்துக்கு வந்து, பிள்ளையிடம் வந்து, அங்கேயே நின்றது. நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது.

கதவு திறந்தது. சின்னக்கா ஏறினாள்.

"பொம்மையில இருந்த பேட்டரிய முழுங்கிட்டானோன்னு பயமா இருக்குங்க. மூடிய நான்தான் சரியாப் போடல. ஆஸ்பத்திரிக்கு விடுங்க."

அம்மா இருக்கையிலிருந்தபடியே திரும்பினாள். கையை நீட்டி மகனின் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். பிறகு கை ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிட்டது. பின்னால் யாரோ என்ன ஆச்சு என்றார்கள், இன்னொருவர் தன்னுடைய நிறுத்தம் போய்விட்டது என்றார், அதற்கு ஒருவர் அதட்டினார். பஸ் எங்கும் நிற்கவில்லை.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த சீட்டில் சின்னக்கா வாத்தியாரை நிமிர்த்தி மடியில் பிடித்திருந்தாள். முன்னால் போகிற வண்டிகளை விலக்க அவன் அம்மா ஹாரன் அடித்தாள், எப்போதும் அடிக்கிற சின்ன ஹாரன் இல்லை, நீளமாக. சத்தம் கேட்டதும் அவன் கண்ணைத் திறந்தான். கையைத் தூக்கினான். ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைத் தேடினான். மறுபடி ஹாரன் கேட்டது, மறுபடியும் தூக்கித் தேடினான். உள் கண்ணாடியில் அம்மாவின் கண்கள் ஒரு கணம் அவன்மேல் பட்டுச் சாலைக்குத் திரும்பின.

மூன்றாம் முறை ஹாரன் அடித்தபோது கை பாதிவரைதான் எழுந்தது. அங்கிருந்து இறங்கி, சின்னக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.