கையைப் பார்த்து எழுதிய வயது

1937ஆம் ஆண்டு ஆவணியில், வத்தல்மலை அடிவாரச் சந்தைக் கொட்டகையில் டாக்டர் வெங்கடாசலம் வளரும் பருவத்துப் பிள்ளைகளை அளந்துகொண்டிருந்தார். மலைக்குலத்தாரும் சமவெளியாரும் வளர்ச்சியிலும் உடல்நலத்திலும் எவ்வாறு வேறுபடுகின்றனர் என்பதே அவருடைய ஆராய்ச்சி.

விடுதிப் பள்ளி ஒன்றில் மலைப்பெண் ஒருத்திக்கு இடம் இருந்தது. பதினான்கு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. டாக்டர் சான்று தர வேண்டும். அதற்காகவே செல்லி தன் தந்தை காளியனோடு மலையிறங்கி வந்திருந்தாள். மூன்று நாளாக அளக்கப்பட்ட மற்ற முப்பது மலைப்பிள்ளைகளும் கைரேகை வைப்பதற்காக ஒருபுறம் வரிசையில் காத்திருந்தனர்.

எழுத்தர் பச்சியப்பன் அவளுடைய உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். சாமை குத்திக் காய்த்துப்போன கை. "பதினாறு" என்று எழுதினார்.

டாக்டர் உயரத்தை அளந்தார். "வயதுக்கு மூன்று அங்குலம் குறைவு. இந்தக் குலமே வளர்ச்சியில் பிந்தியது."

அடுத்து நின்றவள் சமவெளிப் பெண் லூர்தம்மாள். அவள் வயதை ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி எழுதினார் பச்சியப்பன்.

"அவளுக்குப் புஸ்தகம் பாத்தீங்க. எனக்கு ஏனுங்க கையைப் பாத்தீங்க?" என்றாள் செல்லி.

"உங்க மலையிலே புஸ்தகம் ஏது?"

"காவேரியிலே பெருவெள்ளம் வந்துச்சே, அந்த ஆடியிலே பொறந்தவ நானு. அது எந்த வருசம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

1924 வெள்ளத்திலிருந்து பச்சியப்பன் விரல்விட்டு எண்ணினார். பதின்மூன்று.

காளியன் சிரித்துவிட்டார். "கன்னுக்குட்டியைக் கெழட்டு மாடுன்னு எழுதிப்புட்டு, ஏன் குட்டையா இருக்குதுன்னு கேக்கறீங்களே சாமி."

டாக்டர் பேனாவை வாங்கித் தாமே அந்த எண்ணை அடித்தார். "திருத்திவிட்டேன். பள்ளி இடம் உனக்குத்தான். போ."

"மத்த முப்பது பேருக்குங்க? அவங்க வயசும் கையைப் பாத்து எழுதினதுதானே?"

"மூன்று நாள் வேலை அது. திரும்பவும் முதலிலிருந்து தொடங்க முடியாது. பேசாமல் ரேகை வை." மைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். ரேகை இல்லாத தாளை மேலிடம் ஏற்காது.

செல்லி விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"இடம் போய்விடும், பெண்ணே."

"போவட்டுங்க. இவங்களையெல்லாம் வளராத குலம்னு எழுதிவெச்சுட்டு, நா மட்டும் பதிமூணு ஆவ மாட்டேன்."

காளியன் மகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

டாக்டர் மைப்பெட்டியை வரிசையில் முதலில் நின்ற மலைப்பையனிடம் நீட்டினார். அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்கடுத்தவளும் அவ்வாறே செய்தாள். வரிசையின் கடைசிவரை பெட்டி சென்று, மை தொடப்படாமல் திரும்பி வந்தது.

"எனக்கும் வேண்டாங்க," என்றாள் லூர்தம்மாள். "இவளைக் குட்டைன்னு காட்டறதுக்கு நா எதுக்குங்க பக்கத்துலே நிக்கணும்?"

அந்த ஆண்டு விடுதியில் அந்த இடம் காலியாகவே கிடந்தது. செல்லி மலையேறிச் சாமைக் கொல்லையில் களையெடுத்தாள். அவள் வயதை அதன்பின் எவரும் கேட்காமல் எழுதவில்லை.